குப்பையிலிருந்து எடுத்த ஏற்காட்டுச் செடி

எனக்கு வயது எண்பத்து நான்கு. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஒருத்தர் பொருளையும் தொட்டு வளர்க்கவில்லை. இதை முதலில் எழுதிக்கொள் என்று பேத்தியிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும்.

நெய்வேலியில் அப்போது பிளாக் பிளாக்காக வீடு எழும்பிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நான் ஓர் ஆபீசர் பங்களாவில் தோட்ட வேலை. அங்கே தோட்டக்காரர் ஒருவரும் உண்டு. என்னை அக்கா என்பார்.

ஓர் ஆவணியில் அந்த வீட்டு அம்மா ஏற்காட்டுக்குப் போய்விட்டு ஒரு செடி கொண்டுவந்தார். காட்டு மரத்தில் பட்டையோடு பெயர்த்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பட்டாணி பட்டாணியாக, குட்டிக் கிழங்கு போலப் பச்சை முட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு இலை. ஆர்க்கிட் என்றார். செம்மண் சலித்து, எரு கலந்து, தொட்டியில் நடச் சொன்னார்.

"மரத்துல ஒட்டிக்கினு இருந்தத மண்ணுல பொதைச்சா மூச்சு முட்டிப் போவும்மா" என்றேன்.

"நீ எந்தக் காலேஜ்ல படிச்சே?" என்று சிரித்தார்.

நட்டோம். பத்தே நாளில் பாதி முட்டு அழுகிவிட்டது. பிறகுதான் என் போக்கில் விட்டார். மீதியைத் தேங்காய் மட்டையில் நாரால் கட்டி, கொய்யா மர நிழலில் தொங்கவிட்டேன். சுரங்கத்துக்கு அடியிலிருந்து இறைக்கிற தண்ணீர் எங்கள் குழாயில் வெதுவெதுப்பாக வரும். குளிர்ந்த மலையில் பிறந்ததற்கு அதை ஊற்றலாமா? மண்பானையில் பிடித்து ஆறவைத்துத்தான் தெளிப்பேன். தை வரைக்கும் நன்றாக இருந்தது.

மாசியில் இலை பழுத்து அத்தனையும் உதிர்ந்தது. அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"கொன்னுட்டியே! தண்ணி ஊத்தினியா இல்லையா?"

"எலைதாம்மா கொட்டியிருக்குது. முட்டத் தொட்டுப் பாருங்க, கல்லாட்டம் இருக்குது. உசுரு இருக்குதுங்க."

தொட்டுப் பார்க்கவில்லை. "குப்பையில போடு" என்றார். பக்கத்தில் தோட்டக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்தது.

குப்பைக்குழி வரை கொண்டுபோனேன். போட்டும்விட்டேன். மனம் கேட்கவில்லை. திரும்ப எடுத்து, மடியில் கட்டிக்கொண்டு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "புல்லுருவிய வூட்டுக்குக் கொண்டாந்துட்டா மகராசி" என்றார்.

"புல்லுருவி மரத்தோட ரத்தத்தைக் குடிக்கும். இது ஒட்டிக்கினு இருக்குமே தவிர ஒண்ணும் உறிஞ்சாது. உன்னையாட்டம் மூணு வேளை சோறு கேக்காது" என்றேன்.

சித்திரை வெயிலை நெய்வேலியில் இருந்தவர்களைக் கேட்க வேண்டும். தண்ணீர்ப் பானைக்கு மேலே மட்டையைத் தொங்கவிட்டு, சுற்றிலும் ஈரச்சாக்குக் கட்டினேன். ஒரு நாள் தவறாமல் சாக்கை நனைத்தேன். ஆடி பிறந்ததும் புது இலை நுனி எட்டிப் பார்த்தது. அதோடு பூவும் வந்தது, அரிசிப் பொரி அளவில், வெள்ளையாக, ஏழு. என் பிள்ளைகள் தெருவையே கூட்டிவந்து காட்டினார்கள்.

தோட்டக்காரரும் வந்து பார்த்தார். சந்தோஷம் தாங்காமல் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாளே அம்மா அவரையும் ஏற்றிக்கொண்டு காரில் வந்து இறங்கினார்.

"செத்துப்போச்சுன்னு சொல்லித் திருடிட்டு வந்தியா?"

தெருவே நிற்கிறது. என் பெரிய பெண் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"செத்துப்போச்சுன்னு சொன்னது நீங்க. உசுரு இருக்குதுன்னு சொன்னது நானு. குப்பையில போடச் சொன்னீங்களா இல்லையா? தோ நிக்கிறாரே, அவரையே கேளுங்க."

தோட்டக்காரர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கை காட்டியதும் மட்டையைக் கழற்றிக் காரில் வைத்தார். அவருக்கும் பிள்ளைகுட்டி உண்டு, வேலை போய்விடும். எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் என் வயிறு இன்றைக்கும் எரிகிறது.

அன்றோடு பங்களா வேலையை விட்டேன். வீடு கட்டுகிற இடத்தில் சித்தாள் வேலைக்குப் போனேன்.

ஐப்பசி மழையில் தோட்டக்காரர் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்தார். "அக்கா, அம்மா மறுபடி தொட்டியில நட்டுட்டாங்க. முட்டெல்லாம் கறுத்துக்கினு வருது. ஒன்னக் கூட்டியாரச் சொன்னாங்க."

"திருடிய எதுக்கு வூட்டுக்குள்ள கூப்புடறாங்க? அன்னிக்கு வந்தாப்புல காருல வரட்டும். இதே தெருவுல நின்னு, நான்தான் குப்பையில போடச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிசம் வர்றேன்."

அம்மா வரவில்லை. நானும் போகவில்லை. செடி செத்துப்போனது. அந்தப் பச்சைப் பிள்ளை என்ன பாவம் செய்தது, போய் எடுத்துக் கட்டியிருக்கலாமே என்று என் பெண்ணே பிற்பாடு கேட்டாள். கேட்கட்டும். ஒரு வார்த்தை சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லையே, அதை யாரும் கேட்கவில்லை.

எழுதினது போதும் கண்ணு. மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். குப்பையில போடுன்னு அவங்க சொன்ன எடம் வந்தா கொஞ்சம் சத்தமாப் படி.