மூடாமல் விட்ட கடைசி வரிசை

உல்லன் நூல் இருக்கிறதா என்று கேட்டதும் ஃபேன்சி ஸ்டோர் அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். "தூத்துக்குடி வெயிலுக்கு உல்லனா? யாருக்குத் தாயி?" எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கனடாவில் பிறக்கப்போகிற என் பேரப்பிள்ளைக்கு என்று சொல்லியிருந்தால் அவர் வாயை மூடியிருப்பார். ஆனால் அதைச் சொல்லக்கூடாது. மகளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்தான். பிள்ளை பிறந்து முகம் பார்க்கும்வரை அதற்கென்று ஒரு முழத் துணிகூட எங்கள் வீடுகளில் எடுக்கமாட்டோம். "பள்ளிக்கூடக் கைவேலைக்கு" என்று கூசாமல் பொய் சொல்லி, மஞ்சள் நூலும் பின்னல் ஊசி இரண்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பிள்ளைக்குத் தொப்பி பின்னக் கற்றுக்கொடுத்தது மகள்தான். அவளே அங்கே பக்கத்து வீட்டில் கற்றுக்கொண்டு ஒரு மாதம் ஆகவில்லை. எனக்குச் சாயங்காலம், அவளுக்கு விடிகாலை. சீனி டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்காருவேன். கல்யாணமாகிப் போனபிறகு வாரம் ஒருமுறை "சாப்பிட்டியாம்மா" என்று கேட்டு வைத்துவிடுகிற பெண், இப்போது தினமும் ஒரு மணி நேரம் பேசினாள். என் கை வியர்த்து நூல் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். பவுடர் பூசிக்கொண்டு பின்னினேன். ஊசியில் அறுபது கண்ணி, அதாவது நூல் வளையம், ஏற்றித் தொடங்கினால் பத்தாவது வரிசையில் எழுபத்தொன்று இருக்கும்.

"எம்மா, எம் பிள்ளைக்குத் தலை என்ன பூசணிக்காயா?"

"ஏளா, ரொம்பப் பேசாத. ஒங்கப்பன் தலை அவ்வளவு பெருசு, அதான் சொல்லுதேன்."

அவள் அப்பா விசைப்படகில் போகிறவர். கரையில் இருக்கிற நாட்களில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். என் பின்னலை வாங்கி ஒருநாள் இழுத்துப் பார்த்தார். "ஒரு முடிச்சுகூட இல்லாம ஒரு சாமான் எப்படிளா நிக்கும்? ஒரு எழைய உருவுனா மொத்தமும் போயிருமே." எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கடற்கரையில் பிறந்தவளுக்கு முடிச்சில்லாத பின்னலை எப்படி நம்பத் தோன்றும்? ஒவ்வொரு வரிசை முடிவிலும் ஒரு வலை முடிச்சு போட்டு இறுக்கிவிட்டேன்.

மகள் திரையில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ எம்மா, என்ன இது திட்டுத் திட்டா? பிள்ளைக்குத் தலையில குத்தும். அவுத்துப் போடு." வலை முடிச்சு எங்கே அவிழும்! கத்தரிக்கோலால் வெட்டித்தான் எறிந்தேன். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன், இந்தமுறை ஒரு முடிச்சும் இல்லாமல்.

எட்டாம் மாதத்தில் தொப்பி உருவாகிவிட்டது. கடைசி வரிசைக் கண்ணிகளை ஒன்றோடொன்று கோத்து மூடி ஊசியிலிருந்து இறக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. நான் மூடவில்லை. ஊசியிலிருந்து இறங்காத தொப்பி தொப்பியே இல்லை, அதனால் நான் இன்னும் பிள்ளைக்கு எதுவும் செய்துவைக்கவில்லை என்று மாதா படத்தின் முன்னால் நின்று நியாயம் பேசினேன். பிறந்த சேதி வந்த அன்றே மூடிவிடுவேன் என்றும் சொன்னேன்.

அந்த வாரம் மகளின் சிநேகிதி ஒருத்தி ஊருக்கு வந்துவிட்டுக் கனடா திரும்புவதாக இருந்தாள். "அவகிட்ட தொப்பியக் குடுத்து விடும்மா. ஆஸ்பத்திரிக்கு எடுத்து வைக்கணும், இங்கன கடுங்குளிரு" என்றாள் மகள்.

"இன்னும் முடியல ளா."

"எவ்வளவு பாக்கி?"

"கெடக்கு கொஞ்சம்."

சிநேகிதி வெறுங்கையோடு போனாள்.

அவள் போன பதினாறாம் நாள் காலையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது மருமகன் போன் செய்தார். வயிற்றுக்குள்ளேயே பிள்ளையின் இதயம் நின்றுவிட்டதாம். பெண் பிள்ளை. அதன்பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. மீன் கையோடு தரையில் உட்கார்ந்து கத்தினேன்.

தெருப் பெண்கள் துக்கம் கேட்க வந்தார்கள். ஒருத்தி கிட்டே வந்து, "பொறக்கும் முன்னாடி எதுவும் செஞ்சு கிஞ்சு வச்சியோ?" என்று கேட்டாள். இல்லை என்று ஓங்கிச் சொன்னேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது, பாவி.

நான்கு நாள் கழித்து மகள் பேசினாள். அழவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் ஒரு கூடை நிறையத் தொப்பி வைத்திருப்பார்களாம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று யார் யாரோ பின்னிக் கொடுப்பார்களாம். "நர்ஸ் ஒண்ணு எடுத்துப் போட்டாங்கம்மா. நீல நிறம். சரியா இருந்துச்சு. அதோடதான் பெட்டியில வச்சோம்." பிறகு கேட்டாள். "ஒன் தொப்பி முடிஞ்சிருச்சாம்மா?"

முகம் தெரியாத யாரோ ஒருத்தி, எந்தப் பயமும் இல்லாமல், கடைசி வரிசையை மூடிக் கொடுத்திருக்கிறாள். சொந்த ஆச்சி நான், பத்து நிமிட வேலையை வைத்துக்கொண்டு சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். செய்து வைத்ததால் பிள்ளை போகவில்லை, செய்யாமல் வைத்ததால் நிற்கவும் இல்லை. என் பேத்தி யாரோ செய்த தொப்பியோடு மண்ணுக்குள் போனாள்.

அன்று சாயங்காலம் ஆத்திரத்தில் ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுத்தேன். கண்ணிகள் சரசரவென்று ஓடத் தொடங்கின. இரண்டு வரிசை போனதும் என்னால் முடியவில்லை. "ஐயோ போவுதே, பிடிங்க, போவுதே" என்று அலறினேன். அவள் அப்பா வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். தொப்பியை மடியில் வைத்து, ஓடிய கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, மிச்ச நூலால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வலை முடிச்சு போட்டார். எல்லாவற்றையும் கட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

"இனி அவுறாது ளா" என்று என் கையில் கொடுத்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினேன். விளிம்பு முழுக்கத் திட்டுத் திட்டாக முடிச்சு.

"குத்துதே" என்றேன்.

"யாரைக் குத்தப் போவுது?" என்று கேட்டவர், கேட்ட வாயை மூடமுடியாமல், எனக்கு முந்தி அவரே அழுதார்.