பதினைந்து லைட்டும் ஒரு பச்சைக் கோடும்

"ரிஜிஸ்டர் அவுட்டா இருக்கேம்மா!"

இந்த மூன்றே வார்த்தைதான். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொன்னவர், சிவகாசியில் காலண்டர் பிரஸ் நடத்தும் அண்ணாச்சி. வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும் - எழுத்து எனக்கு வாரத்தில் ஒரு நாள் வேலை. மீதி ஆறு நாளும் எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட். விருதுநகர் பக்கம் ஏணியும் டிரில்லிங் மெஷினுமாகத் திரிகிற ஒரு பெண்ணைப் பார்த்தீர்கள் என்றால்... அநேகமாக அது நான்தான்.

அதென்ன ரிஜிஸ்டர்? அச்சுத் தொழிலில் ஒரே படத்தை நாலு கலரில் தனித்தனியாக அடிப்பார்கள். நாலும் ஒன்றன்மேல் ஒன்று அச்சு அசலாக உட்கார்ந்தால் ரிஜிஸ்டர் சரி. மயிரிழை விலகினால் போச்சு. முருகனுக்கு மூக்கு இரண்டாகத் தெரியும், வள்ளியின் பொட்டு கன்னத்துக்கு இறங்கிவிடும். அடித்த பேப்பர் அத்தனையும் வேஸ்ட். முப்பது வருடம் இதையே பார்த்துப் பழகின கண், அண்ணாச்சியுடையது. அந்தக் கண்ணுக்கு முன்னால் போய்த்தான் நான் லைட் மாட்டியிருக்கிறேன்!

அண்ணாச்சியின் புது ஷோரூம். நாற்பது அடி நீளச் சுவர். சுவரை ஒட்டி வரிசையாகக் காலண்டர் அலமாரிகள். அவற்றுக்கு மேலே, சுவரில் பதினைந்து லைட். நானும் காஜா பாயும் மாட்டினோம். பாய் என்னோடு பதினாலு வருடமாக வேலை பார்க்கும் வயர்மேன். அவர் ஏணியில், நான் கீழே டேப்போடு. தரையிலிருந்து ஏழடி... டக்! ஏழடி... டக்! மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பதினைந்தும் முடிந்தது. ஸ்விட்சைப் போட்டால் சும்மா ஜொலிக்கிறது. எனக்கு ஒரே பெருமை.

அண்ணாச்சி வந்தார். வாசல் பக்கம் நின்று ஒரு கண்ணை மூடினார்.

"அந்தக் கடைசியில பாருங்க, லைட்டுக்கும் சீலிங்குக்கும் எடவெளி எம்புட்டு இருக்கு? இப்ப இங்கன பாருங்க, எம்புட்டு இருக்கு? ரிஜிஸ்டர் அவுட்டா இருக்கேம்மா!"

எனக்குச் சுர்ரென்று வந்தது. "அண்ணாச்சி, ஒவ்வொண்ணும் டேப் பிடிச்சு அளந்தது. ஒரு நூல்கூடப் பிசகிருக்காது!"

"சரி, எங்கன இருந்து அளந்தீக?"

"தரையில இருந்து."

அவர் சிரித்தார் பாருங்கள்... அந்தச் சிரிப்பை நான் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். "தரைக்கு வாட்டம் இருக்குல்லம்மா! இது முன்னால மெஷின் ஹாலு. களுவி விட்ட தண்ணி வாசலுக்கு ஓடணும்னு வாட்டம் வச்சுப் போட்ட தரை."

அளந்து பார்த்தோம். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒன்றரை இன்ச் இறக்கம். எங்கள் தொழிலில் ஒரு இன்ச்சை எட்டாக்கி, ஒரு பங்கை ஒரு நூல் என்போம். அப்படிப் பார்த்தால் ஒரு லைட்டுக்கும் அடுத்த லைட்டுக்கும் ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. வேறு யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆனால் தப்பு தப்புதானே? பாத்ரூமுக்கும் அடுப்படிக்கும் வாட்டம் பார்க்கத் தெரிந்த எனக்கு, ஹாலுக்கும் வாட்டம் இருக்கும் என்று தோன்றவில்லை. தரைக்கு இருந்த வாட்டம் அப்படியே என் முகத்துக்கு வந்துவிட்டது.

"மேல மூணாவது மாடி வேலை மொத்தமும் உங்களுக்குத்தான்னு மனசுல வச்சிருந்தேன்" என்றார் அண்ணாச்சி. குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "ஆடிப் பதினெட்டுக்குள்ள இது நேராகலைன்னா, மருதப் பார்ட்டியக் கூப்பிட்டுக்கிறேன். வருத்தப்படப்படாது."

சிவகாசியில் ஆடிப் பதினெட்டு என்றால் சும்மா இல்லை. அடுத்த வருடக் காலண்டர் ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுகிற நாள். ஊர் ஊராக ஏஜெண்டுகள் வருவார்கள். அத்தனை பேர் முன்னால் என் லைட் வரிசை பல்லை இளிக்கும். மூன்றாவது மாடி மதுரைக்காரர்களுக்குப் போகும். "பொம்பள கான்ட்ராக்ட் எடுத்தா இப்படித்தான்" என்று பஜாரில் நாலு பேர் சொல்வார்கள். கையில் இருந்தது நாலே நாள்.

"டியூப்ல தண்ணி ஊத்தி மட்டம் பாத்துருவோம் தங்கச்சி" என்றார் காஜா பாய். எனக்கும் அதுதான் பழக்கம். அண்ணாச்சி பதறிவிட்டார். "தண்ணியா? அலமாரி பூரா ஆர்ட் பேப்பர் ஆல்பம் அடுக்கியிருக்கு. ஒரு சொட்டு உள்ள வரப்படாது!"

நீலப்பொடி தடவிய நூலை இழுத்துச் சுவரில் ஒரு அடி அடித்தால் கோடு விழும். அதுவும் கூடாதாம். பெயிண்ட் காய்ந்து ரெண்டு நாள்கூட ஆகவில்லை. ஆக, மிச்சம் இருந்தது சுவரில் மட்டமாக ஒளிக்கோடு போட்டுக் காட்டும் லேசர் லெவல் ஒன்றுதான்.

ஊரில் எல்லா எலக்ட்ரீஷியனும் வாங்கிவிட்டார்கள். நான் மட்டும் வாங்கவில்லை. ஏன்? திமிர்தான், வேறென்ன! "எங்கிட்ட டேப் இருக்கு, கண்ணு இருக்கு" என்று இத்தனை வருடம் பேசிக்கொண்டு திரிந்தேன். இப்போது பாயைக் கூட்டிக்கொண்டு விருதுநகரில் ஒரு டூல்ஸ் கடைக்குள் நுழைந்தேன், தலையைக் குனிந்துகொண்டு.

கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் முதலில் ஒரு சிவப்பு லேசரை எடுத்து வைத்தார். "நல்லா மூவ் ஆகுற பீஸ் மேடம்."

"வாசல்கிட்டக் கொண்டு வாங்க" என்றேன். அண்ணாச்சி ஷோரூமின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணாச்சி ஷோரூமைப் பூட்டிவிடுவார், பேப்பர் இருக்கிற இடத்தில் அதற்கு மேல் யாரும் தங்கக் கூடாது. அப்படியென்றால் பகல் வெளிச்சத்தில் தெரிகிற கோடுதானே எனக்கு வேண்டும்? வாசலில் வைத்தார்கள். பத்தடி தாண்டியதும் சிவப்புக் கோட்டைக் காணவில்லை!

"இந்த சிவப்புக் கண்ணாடிய மாட்டிட்டுப் பாருங்க மேடம், தெரியும்."

"கோட்டத் தேடுறதுக்கே கண்ணாடி மாட்டணும்னா, ஆணி அடிக்கிறதுக்கு எதத் தம்பி மாட்டுறது?"

அடுத்து வந்தது பச்சை. பதினாறு கோடு, ரிமோட், பெரிய பெட்டி. ஆன் செய்ததும் கடைச் சுவர், கூரை, தரை, கல்லாவில் இருந்தவரின் சட்டை... எல்லாவற்றிலும் கோடு. "கோயில் கொடைக்கு சீரியல் செட் போட்ட மாதிரில்ல இருக்கு!" என்று பாய் வாயைப் பிளந்தார். ஆனால் எனக்கு வேண்டியது ஒரே ஒரு கோடு. பதினாறில் என் கோடு எது என்று தேடிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

மூன்றாவது, சின்னப் பச்சை. குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. லேசாகச் சாய்த்து வைத்தாலும் தானே மட்டம் பிடித்துக்கொள்ளும், ரொம்பச் சாய்ந்தால் கீ கீ என்று கத்தும். வாசல் வெளிச்சத்திலும் கோடு பளிச்சென்று நின்றது. பாய் ஏற்கெனவே மயங்கிவிட்டார்.

நான் மயங்கவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த கோடவுனுக்குக் கொண்டு போகச் சொன்னேன். இருபத்தைந்தடி தள்ளி ஒரு சுவர். கோட்டின் நடுப்பகுதி விழுந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். லேசரை இருந்த இடத்திலேயே லேசாகத் திருப்பி, கோட்டின் ஓரம் அதே புள்ளிக்கு வரும்படி செய்தேன். மட்டமான கோடு என்றால் நடுவும் ஓரமும் ஒரே புள்ளியில்தானே விழ வேண்டும்? விழவில்லை. இரண்டு நூல் கீழே!

"டிஸ்ப்ளே பீஸ் மேடம், எப்பவோ கீழ விழுந்திருக்கும். ரெண்டு நூல்தான... யாரு பாக்கப்போறா?"

"பாக்கிறதுக்குன்னே சிவகாசியில ஒருத்தர் இருக்காரு! சீல் உடைக்காத பெட்டி ஒண்ணு எடுங்க."

புதுப் பெட்டி வந்தது. அதே சுவர், அதே சோதனை. நடு, இடது ஓரம், வலது ஓரம் - மூன்றும் புள்ளிமேல். அடித்துப் பேசி விலையைக் குறைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் காலை, எதிர்ச்சுவர் அலமாரிமேல் லேசரை வைத்தோம். ஆன் செய்தார் பாய். பச்சைக் கோடு கோணலாகப் போனது! பார்த்தால், கொண்டு வரும்போது ஆடாமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். அதைத் திறக்காமலே ஆன் செய்திருக்கிறார். திறந்ததும் கோடு இரண்டு ஆட்டம் ஆடி, நிதானமாக மட்டத்துக்கு வந்து நின்றது. நாற்பது அடி நீளத்துக்கு ஒரே கோடு. அதற்குக் கீழே எங்கள் பதினைந்து லைட்டும் வாசலை நோக்கிச் சரிந்துகொண்டு போன அழகைப் பார்க்க வேண்டுமே... கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அத்தனையையும் ஒரு கோடிக்குத் தக்கபடி ஏற்றினால், மறுகோடியில் பழைய ஓட்டைகள் வெளியே தெரியும். ஓட்டையை அடைக்கப் புட்டி, அதற்குமேல் பெயிண்ட் என்று வேலை இழுத்துக்கொள்ளும். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. நடுவில் இருக்கும் எட்டாவது லைட்டை அசைக்கவே வேண்டாம்! கோட்டை அதற்கு வைத்து, ஒரு பக்கத்தை இறக்கி, மறுபக்கத்தை ஏற்றினால்? கடைசி லைட்டுக்கே முக்கால் இன்ச்தான் நகரும். லைட்டின் அடித்தட்டு நாலு இன்ச் அகலம். பழைய ஓட்டை எல்லாம் அதற்குள் மறைந்துவிடும்.

"ஒரு நூல் தள்ளி ஓட்டை போட்டா பளைய ஓட்டையோட சேந்து பேந்துருமே தங்கச்சி" என்றார் பாய். அப்புறம் அவரே, "தட்டைக் கால்வட்டம் திருப்பி மாட்டிட்டா? ஸ்க்ரூ புதுச் சுவத்துல உக்காந்துரும்ல!" என்றார். மனிதரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

இரண்டே நாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, சுவரில் ஒரு கீறல் இல்லை. ஆடிப் பதினெட்டுக்கு முந்தின நாள் மத்தியானம் அண்ணாச்சியைக் கூப்பிட்டோம்.

வந்தார். வாசலில் நின்று ஒரு கண்ணை மூடினார். மறுகோடிக்கு நடந்தார். மறு கண்ணை மூடினார். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே!" என்றார். மெஷின் ஓட்டுகிறவர்கள் ஐந்து பேர், கையில் மையோடு வந்து வரிசையாக நின்றார்கள். ஐந்து பேரும் ஒரு கண்ணை மூடினார்கள். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி நின்றதில்லை.

அவர்களில் மூத்தவர் கடைசியில் கண்ணைத் திறந்தார். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி."

சிவகாசி பிரஸ்காரர்களிடம் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள்!

"சபாஷ்ம்மா!" என்றார் அண்ணாச்சி. "மூணாவது மாடிய நீங்களே பாருங்க. மருதைக்கு நான் போன் போடலை." பாய் என்னைப் பார்த்தார், நான் பாயைப் பார்த்தேன். ஜெயித்துவிட்டோம்! அந்த நிமிஷம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணாச்சி போகவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி சுவரைப் பார்த்தார். "ஆமா... லைட்டு நேராத்தான இருக்கு? அப்ப அலமாரி ஏன் வாசல் பக்கம் சரிஞ்சு நிக்குது?"

நிற்காமல்? அலமாரியின் கால்களும் அதே வாட்டத் தரையில்தானே நிற்கின்றன! இத்தனை நாளும் கோணல் லைட்டுக்கு அடியில் கோணல் அலமாரி, சோடி பொருந்தி இருந்தது. ஒன்றை நேராக்கினால் பக்கத்தில் இருப்பதன் குட்டு வெளிப்பட்டுவிடும்போல!

"யாருலே இந்த அலமாரிய மட்டம் பாக்காம நிறுத்துனது?" என்று அண்ணாச்சி சத்தம் போட்டார்.

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். மூத்தவர்தான் மெல்ல வாயைத் திறந்தார். "நம்ம சம்பந்தி வீட்டு ஆளுகதான்... சீதனமா கொண்டு வந்து நிறுத்திட்டுப் போனாக அண்ணாச்சி."

அண்ணாச்சி அலமாரியைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார். பிறகு என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா... லைட்டக் கொஞ்சம் பளையபடி சாய்ச்சு விட முடியுமா?"

"முடியாது அண்ணாச்சி!" என்றேன். "சம்பந்தியக் கூப்பிட்டுச் சொல்லுங்க!"