டோக்கன் இல்லாத குழந்தை

எங்கள் குழந்தைகள் மருத்துவமனையில் டாக்டருக்குப் பயப்படாதவர்கள்கூட டோக்கன் அக்காவுக்குப் பயப்படுவார்கள். பத்தொன்பது வருடமாக வாசல் மேசை அவருடையது. ஒருமுறை டாக்டரின் மச்சினி குழந்தையோடு நேரே உள்ளே போகப் பார்த்தார். "உறவெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க. இங்க நீங்க நாப்பத்தி ரெண்டாவது" என்று உட்கார வைத்துவிட்டார் அக்கா. நான் அங்கே ஊசி போடுகிறவள், குழந்தைகளின் ஜென்ம விரோதி. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது என்னையும் வரிசையில்தான் நிற்க வைத்தார்.

அந்த வருடம் ஊரில் தட்டம்மை தலைகாட்டியது. சுகாதாரத் துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. காய்ச்சலும் தடிப்புமாக வரும் குழந்தையை வாசலிலேயே நிறுத்துங்கள், முகக்கவசம் போட்டுப் பின்வாசல் வழியாகத் தனி அறைக்குக் கொண்டுபோங்கள். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தனி அறை எங்களிடமும் இருந்தது. அதில் பழைய கோப்புப் பெட்டிகளும் கால் உடைந்த நாற்காலிகளும் குடியிருந்தன. "அடுத்த வாரம் காலி பண்ணிடலாம்" என்று டாக்டர் சொன்னார், அக்கா சொன்னார், நானும் சொன்னேன். மூன்று பேரும் மூன்று வாரமாகச் சொன்னோம்.

ஒரு புதன்கிழமை காலை ஒருவர் தன் மூன்று வயது மகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கண் இரண்டும் சிவந்து, மூக்கு ஒழுகி, காதுக்குப் பின்னால் தடிப்பு தொடங்கியிருந்தது.

"கொஞ்சம் சீக்கிரம் பாக்கச் சொல்லுங்கம்மா. பிள்ளைக்கு உடம்புல என்னவோ போட்டிருக்கு."

"இங்க எல்லாப் பிள்ளைக்கும் உடம்புக்கு என்னவோதான். முப்பத்தொண்ணு. உக்காருங்க."

அந்தப் பிள்ளை ஒன்றே முக்கால் மணி நேரம் கூடத்தின் நடுவில் இருமிக்கொண்டிருந்தது. ஏ.சி.க்காக ஜன்னலையெல்லாம் அடைத்திருந்தோம். நானும் இரண்டு தடவை அந்தப் பக்கம் போனேன்; வேலை மும்முரத்தில் நிமிர்ந்து பார்க்கவில்லை. இதைச் சொல்லாமல் அக்காவை மட்டும் குறை சொன்னால் நான் மனுஷியே இல்லை.

டாக்டர் அந்தப் பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தார்; கன்னத்தின் உள்பக்கம் தட்டம்மையின் வெள்ளைப் புள்ளிகள். எங்கள் இருவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"காலையிலேருந்து கூடத்துல இருந்த ஒருத்தரையும் விடாம கூப்பிடுங்க. தடுப்பூசி போடாத பிள்ளைக்கு மூணு நாளுக்குள்ள போட்டுடணும். ஆறு மாசம் ஆகாத கைக்குழந்தைன்னா வேற ஊசி, ஆறு நாளுக்குள்ள. அதுக்கு மேல போனா நம்ம கையில இல்ல."

அக்கா பதிவேட்டைத் திறந்தார். நாற்பத்தாறு டோக்கன், நாற்பத்தாறு தொலைபேசி எண். மதியம் சாப்பிடக்கூட எழவில்லை. எடுக்காதவர்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். ஒரு அம்மாவை வேலை பார்க்கும் தையல் கூடத்துக்கே தேடிப் போனார். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாப் பெயருக்கு நேரேயும் குறி போட்டாகிவிட்டது. ஒன்பது பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன்.

"பாத்தியா, ஒண்ணு விடல" என்றார் அக்கா. நானும் வாயாரப் பாராட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டருக்குப் போன் வந்தது. பதினேழாம் டோக்கனின் தங்கச்சி, நாலு மாதக் குழந்தை, தட்டம்மை, நுரையீரல் வரை போய்விட்டது. அன்று அண்ணனுக்குத்தான் காது வலி. இது அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. வைத்தியத்துக்கு வந்த பிள்ளைக்குத்தான் டோக்கன், டோக்கன் வாங்கியவர் பெயர்தான் பதிவேட்டில். கூட வந்து அதே காற்றைச் சுவாசித்தவர்களை நாங்கள் என்றைக்குமே எழுதியதில்லை.

அக்காவும் நானும் ஓடினோம். வார்டு வாசலில் அந்த அம்மா நின்றிருந்தாள். சண்டைக்கு வரவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

"நீங்க போன்ல பையனுக்கு ஊசி போட்டாச்சான்னு கேட்டீங்க. ரெண்டு தவணையும் போட்டாச்சுன்னு சொன்னேன். அப்ப கவலையில்லன்னு வச்சிட்டீங்க. பாப்பாவைப் பத்திக் கேக்கவே இல்லையேக்கா?"

ஊரையே அதட்டும் அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதிலிருந்து ஐந்தாம் நாள் குழந்தை போய்விட்டது. எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று கேட்டால் மூன்று பேரைச் சொல்வேன், அதில் நானும் ஒருத்தி.

அடுத்த நாளே தனி அறையை அக்கா ஒற்றை ஆளாகக் காலி செய்தார். நான் கை கொடுக்கப் போனபோது வேண்டாம் என்றார். மேசையை இழுத்து வாசலுக்கு வெளியே போட்டுக்கொண்டார். காய்ச்சல் உண்டா, தடிப்பு உண்டா என்று அங்கேயே பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். கூட வந்தவர்கள் யார், வயது என்ன, எந்த ஊசி போட்டிருக்கிறது என்று ஒவ்வொருவரையும் எழுதினார். "காது வலிக்கு வந்தா குடும்பக் கதையெல்லாம் கேக்கறீங்க" என்று சலித்துக்கொள்கிறவர்களிடம் முன்போல் பாய்வதில்லை. பேனாவைப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருப்பார்.

நாலு மாதம் கழித்து அந்த அம்மா பையனோடு வந்தாள். அவனுக்கு இருமல். அக்கா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், பெயரை எழுதினார். அடுத்த கேள்வியை இவளிடம் மட்டும் விட்டுவிடுங்களேன் என்று என் மனசு அடித்துக்கொண்டது. அக்கா விடவில்லை. தலையைக் குனிந்துகொண்டே கேட்டார்.

"கூட யாரும்மா வந்திருக்காங்க?"

"யாரும் இல்லக்கா. இப்ப நாங்க ரெண்டு பேருதான்."