ஒரு குறையும் இல்லாத ஊர்

குழாயம்மா என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. சின்னச் சின்ன ஊர்களுக்குக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் போடப் பணம் வாங்கித் தருவதுதான் அவள் வேலை. பணம் அரசாங்கத்து நிதி. பாதி இலவசம், மீதி குறைந்த வட்டிக் கடன். ஆனால் அது தானாக எழுந்து ஊருக்கு நடந்து போய்விடுமா? யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அந்த யாராவதுதான் குழாயம்மா.

இந்த உதவியைச் செய்யும் அலுவலகத்தில் தட்டச்சு செய்யத்தான் முதலில் சேர்ந்தாள். ஊர் ஊராகப் போய்வந்தவர் திடீரென்று வேலையை விட்டுவிட, "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் போயிட்டு வாம்மா" என்றார் மேலாளர். அந்த ஒரு நாள் இன்னும் முடிந்தபாடில்லை. தலைமுடி பாதி நரைத்துவிட்டது, முழங்கால் மேடு ஏறும்போது முனகுகிறது. இருந்தாலும் நாற்காலிக்குத் திரும்பிப் போகச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். புதுக் குழாயைத் திறந்ததும் முதலில் புஸ்ஸென்று காற்று வந்து, பிறகு தண்ணீர் கொட்டும் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காக இன்னும் பத்து மேடு ஏறுவாள்.

அவள் கணவர் தையற்காரர். கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம், "எம் பொண்டாட்டி ஊருக்கெல்லாம் குழாய் போடுவா. எங்க வீட்டுக் குழாய் ஒழுகுறதை மட்டும் யாரும் கேட்டுடாதீங்க" என்பார். சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொள்வார்.

இப்படி எத்தனையோ ஊரைக் கரையேற்றியவளுக்கு, சொந்த அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்தான் பெரிய தலைவலியாக வந்து வாய்த்தது. சரிவில் நெருக்கியடித்துக் கட்டிய சில வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஒரு கக்கூஸ் குழி, கீழே கொஞ்சம் தள்ளி ஒரு கிணறு. மழை பெய்தால் எந்தக் குழி எந்தக் கிணற்றில் கலக்கிறது என்பது கடவுளுக்கே வெளிச்சம். மேல் வீட்டுக்காரர்கள் கீழ் வீட்டுக்காரர்களைப் பார்த்து மரியாதையாகப் புன்னகைப்பார்கள், வேறென்ன செய்ய?

நிதி கேட்பதற்கு முன் வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியை எழுதியது சாட்சாத் குழாயம்மாவேதான். 'தங்கள் வீட்டுக் குடிநீர், கழிப்பறை வசதியில் குறை ஏதும் உண்டா?' என்று அழகான தமிழில் எழுதினாள். அங்கேதான் வந்தது வினை. முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்று, உங்கள் வீட்டில் குறை உண்டா என்று கேட்டால், மானம் உள்ளவர்கள் என்ன சொல்வார்கள்? "ஒரு குறையும் இல்லைங்க, நல்லா இருக்கோம். வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வாங்க." ஊர் முழுக்க இதே பதில். கணக்கெடுத்தவர்கள் வீட்டுக்கு வீடு கடைச் சோடா குடித்துவிட்டு ஏப்பத்தோடு திரும்பினார்கள். இந்த ஊருக்கு உதவி தேவையில்லை என்று நிதி அலுவலகம் கணக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது.

குழாயம்மா தலையில் அடித்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

"ஏன்க்கா, போன்ல எங்கிட்ட அரை மணி நேரம் தண்ணியைப் பத்திப் புலம்புறே. வந்து கேட்டவங்ககிட்ட குறை இல்லேன்னு சொல்லியிருக்கியே!"

"நீ என் தங்கச்சிடி. அவன் யாரோ எவனோ. அவன்கிட்டப் போய் எங்க வீடு நாறுதுன்னு சொல்லச் சொல்றியா?"

அக்காவுக்கு வாய் மட்டும்தான் தைரியம். உள்ளே அவள் அரை உயிராகத்தான் இருந்தாள். பேத்திக்கு வயது ஒன்றுகூட ஆகவில்லை, அதற்குள் இரண்டு தடவை வயிற்றால் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தது. குழந்தைக்காவது கேன் தண்ணீர் வாங்கலாம் என்றாள் மருமகள். "எங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன குறை? உம் புருஷன் இதைக் குடிச்சுத்தானே வளந்தான்?" என்று அக்கா கத்தினாள். மறுநாள் காலை மருமகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மகன் வாரக் கடைசியில் பஸ் ஏறிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறான். ஊரில் யாராவது கேட்டால், சம்பந்தியம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று அக்கா சமாளித்துக்கொண்டிருந்தாள். காலியான தொட்டிலை மட்டும் கழற்ற மனம் வரவில்லை.

"இந்தத் தடவை விட்டா ஊரு பட்டியல்ல கடைசிக்குப் போயிடும்க்கா. திரும்ப முறை வர்றதுக்குள்ள உன் பேத்தி பள்ளிக்கூடம் போயிடுவா" என்றாள் குழாயம்மா.

அக்கா பாத்திரத்தைத் தேய்த்தாள், தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தாள்.

குழாயம்மா சும்மா விடுகிற ஆள் இல்லை. மறுபடியும் வீடு வீடாக ஏறினாள். இந்த முறை கேள்வியைத் திருப்பிப் போட்டாள். "உங்க வீட்டை விடுங்க. எதிர் வீட்டுல எப்படி?" அவ்வளவுதான், அணை உடைந்தது. எதிர் வீட்டுக் குழி எப்போது பொங்கியது, பக்கத்து வீட்டுக் கிணற்றில் என்ன மிதந்தது, மேல் வீட்டில் யாருக்கு எத்தனை நாள் பேதி, எல்லாம் கொட்டினார்கள். ஒருவர் இடையில் நிறுத்தி, "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்றார். எல்லா வீட்டுக் கதையும் வந்துவிட்டது. அவரவர் வீட்டுக் கதை மட்டும் அவரவர் வாயிலிருந்து வரவில்லை.

இதையெல்லாம் எடுத்துக்கொண்டு போய் நிதி அதிகாரி முன்னால் வைத்தாள். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் சட்டம் பேசுகிற நல்ல மனிதர்.

"அவங்கவங்க வீட்டைப் பத்தி அவங்கவங்கதான் சொல்லணும்மா. அடுத்த வீட்டைப் பத்திச் சொன்னா அதுக்குப் பேரு புறணி. நானே நேர்ல வர்றேன். எங்கிட்டச் சொல்லட்டும், எழுதிக்கிறேன்."

சொன்னபடியே வந்தார். பள்ளிக்கூட அறையில் பிள்ளைகளின் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மேசைமேல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். "சொல்லுங்க, உங்களுக்கு என்ன குறை?"

பாவி மனிதர், அந்த வார்த்தையையே எடுத்தார்.

ஊர்ப் பெரியவரான மளிகைக் கடைக்காரர் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "உங்க புண்ணியத்துல ஒரு குறையும் இல்லைங்க." எல்லாரும் தலையாட்டினார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைதட்டி அதிகாரியை வழியனுப்பியிருப்பார்கள். அதிகாரி பேனாவை மூடினார்.

"என் வீட்டுல இருக்குங்க."

கடைசி பெஞ்சில் அக்கா எழுந்து நின்றாள். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"எங்க கிணத்துல கக்கூஸ் தண்ணி கலக்குது. எம் பேத்தி ரெண்டு தடவை சாகக் கிடந்தா. கேன் தண்ணி வாங்கலாம்னு மருமக சொன்னா. நான்தான் வீம்புக்குக் கத்தி, அவளை அழ வச்சு அனுப்பினேன். சம்பந்தியம்மாவுக்கு உடம்பு முடியலேன்னு உங்ககிட்ட எல்லாம் சொன்னது பச்சைப் பொய். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு எம் மேல."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிறகு மளிகைக் கடைக்காரரின் மனைவி எழுந்தாள். "எங்க வீட்டுலயும் அதே கதிதான். இந்த மனுஷன் சோடாவாக் குடிச்சு உயிரை வச்சிருக்காரு" என்றாள். கடைக்காரர் கூரையைப் பார்த்தார். அதற்குப் பிறகு பிடிக்க முடியவில்லை. "ஒவ்வொருத்தரா, ஒவ்வொருத்தரா!" என்று அதிகாரி கத்தினார். அவர் பேனாவில் மை தீர்ந்துபோக, குழாயம்மா தன் பேனாவைக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தவர்கள், அவளுக்கே ஏதோ பரிசு விழுந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

நிதி வந்தது. குழி தோண்டினார்கள், குழாய் பதித்தார்கள், கழிவுநீருக்குத் தனியாகத் தொட்டி கட்டினார்கள். நீண்ட நாள் வேலை அது. ஆனால் மருமகள் அதுவரைக்கும் காத்திருக்கவில்லை. கூட்டம் முடிந்த அடுத்த வாரம், குழாய்த் தண்ணீரின் மாதக் கட்டணத்துக்குச் சம்மதக் கையெழுத்து வாங்கக் குழாயம்மா அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மருமகள் இறங்கினாள். இடுப்பில் குழந்தை, காலடியில் பெரிய தண்ணீர்க் கேன்.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "இன்னும் குழாயே வரலையேம்மா. புள்ளையை ஏன் தூக்கிட்டு வந்தே?"

"குழாய் இல்லேன்னா நான் போனேன்? தண்ணி சரியில்லேன்னு நான் சொன்னப்ப, ஆமாம்மான்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னுட்டீங்களே, அதுக்குத்தான் அத்தை போனேன். இப்ப ஊரையே வச்சுக்கிட்டுச் சொல்லிட்டீங்களாமே."

அக்கா குழந்தைக்குக் கையை நீட்டினாள். குழந்தை ஒரு கணம் முறைத்துப் பார்த்துவிட்டு அவள்மேல் சாய்ந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு குழாயம்மா அவர்கள் பின்னாலேயே உள்ளே போனாள்.