கடைசி அத்தியாயத்தில் ஒட்டிய சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் என்று எதைக் கண்டாலும் வாயால் சொல்ல மாட்டோம். அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிவிட்டு அடுத்த பீஸை எடுப்போம். சரிசெய்து திரும்பி வந்தால், ஒட்டினவரே பார்த்து உரித்து எடுக்க வேண்டும். வீரபாண்டிப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியில் அப்படித்தான். அந்த அம்பு ஒருநாள் என் கதை மேலேயே வந்து ஒட்டிக்கொண்டது.

நான் ஒன்பதாவதோடு நின்றவள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் படிக்கிற மாதிரிக் கதை எழுதுவேன். ஒரு மாத இதழில் இரண்டு கதைகள் வந்திருந்தன. அதைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் வருகிற மாதிரி ஒரு தொடர் எழுதச் சொன்னார்கள். காலையில் குளித்து, முருகனுக்கு விளக்கு வைத்து, குக்கரை ஏற்றிவிட்டு உட்காருவேன். விசில் வருகிற வரைக்கும்தான் எழுத நேரம். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளையார் சுழி போடாமல் கை ஓடாது.

"அஞ்சு விசிலாச்சுங்க எழுத்தாளரம்மா," என்பார் என் வீட்டுக்காரர். "அங்க கதை வெந்துச்சோ என்னவோ, இங்க பருப்பு கரைஞ்சே போச்சு."

கதை இதுதான். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கி, பிளஸ் ஒன்னுக்குப் புத்தகமும் வாங்கி வைத்திருக்கிற ஒரு பெண்ணை, அப்பா படிப்பை நிறுத்திக் கம்பெனிக்கு அனுப்பப் பார்க்கிறார். அவள் முருகன் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போடுகிறாள். நாற்பத்தெட்டாம் நாள் அப்பா மனம் மாறுகிறார்.

இதழுக்கு அனுப்பும் முன் என் செக்கிங் டேபிளில்தான் முதலில் படிப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் நோட்டை வாங்கி, மற்ற ஐந்து பேருக்கும் உரக்கப் படிப்பவள் ஒரு தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பத்தொன்பது வயது. கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். டிபனைத் திறக்கும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்யாமல் ஒரு வாய் வைக்க மாட்டாள். அதனாலேயே எனக்கு அவள் மேல் ஒரு தனிப் பிரியம்.

படித்துக்கொண்டே வம்பும் இழுப்பாள். "பதினஞ்சு வயசுப் பிள்ள, யாரும் எழுப்பாம அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கோலம் போடுதாளா? எந்த ஊர்லக்கா இது? நாங்களும் போயிப் பாத்துட்டு வாறோம்."

டேபிளே சிரிக்கும். நான் வீட்டுக்குப் போய், அம்மா மூன்று தடவை எழுப்பியும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிற பெண்ணாக மாற்றி எழுதுவேன். அப்படியே ஐந்து மாதம் போனது.

கடைசி அத்தியாயம் திங்கட்கிழமை தபாலில் போயாக வேண்டும். "பிள்ளைகளுக்கு நம்பிக்கை தரும் முடிவாக இருக்கட்டும்" என்று இதழிலிருந்து கடிதமும் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நோட்டைக் கொடுத்தேன். பாதி படித்தவள், "தொண்ட கட்டியிருக்குக்கா" என்று நிறுத்தி, மீதியை மனசுக்குள் படித்தாள். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பிரித்தால், சிவப்பு அம்பு. 'முருகன் கண் திறந்தான். அப்பாவின் மனம் மாறியது' என்ற வரியில் ஒட்டியிருந்தது.

எனக்குச் சுருக்கென்றது. எதை வேண்டுமானாலும் குறை சொல்லட்டும், முருகனையா? வேறு சாமி கும்பிடுகிற பெண், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சனிக்கிழமை கேட்டேவிட்டேன். "ஏங்கண்ணு, எங்க சாமி உனக்குப் புடிக்கலையா?"

"யக்கா, சாமியப் போயி நான் சொல்லுவனா?" கையிலிருந்த பீஸை மடித்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பிள்ள நாப்பத்தெட்டு நாளு கும்பிட்டா, அவ அப்பா மனசு மாறிட்டு. நான் ரெண்டு வருசம் ஜெபம் பண்ணேன். எங்க அப்பா மாறல. அப்ப நான் ஒழுங்கா ஜெபம் பண்ணலன்னுதானக்கா ஆகுது?"

மடித்த பீஸை அடுக்கில் வைத்தாள்.

"இந்த டேபிள்ல யாரு சாமிகிட்ட வேண்டாம வந்திருக்கா, சொல்லுங்க," என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

ஞாயிற்றுக்கிழமை நானும் வீட்டுக்காரரும் முருகன் மலைக்கோயிலுக்குப் போனோம். சன்னதியில் நின்றபோது, ஒன்பதாவது முடித்த லீவில் இதே இடத்தில் பாவாடை தாவணியில் நின்றது ஞாபகம் வந்தது. பத்தாவது படிக்கணும் முருகா என்று அழுதிருக்கிறேன். அந்த வருஷமே தறி நெய்யக் குழிக்குள் உட்கார வைத்துவிட்டார்கள். அவன் ஏன் தரவில்லை என்று நான் கேட்டதேயில்லை. ஒரு நாளும் கும்பிடாமல் இருந்ததும் இல்லை. எனக்குக் கிடைக்காததைக் கதையில் வருகிற பெண்ணுக்காவது வாங்கிக் கொடுத்துவிட ஆசைப்பட்டிருக்கிறேன். ஆனால் அதை வாங்கிக் கொடுத்ததில், என் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிற பெண்ணை விட்டுவிட்டேன்.

படி இறங்கும்போது வீட்டுக்காரர் கேட்டார். "அத்தன நேரமா என்ன வேண்டுன?"

"ஒண்ணும் வேண்டலீங்க. ஒரு வரிய அடிச்சர்றேன்னு சொன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சும்மா நின்னாருங்க."

"அப்ப அடிச்சுரு," என்றார்.

திங்கள் காலை குக்கரை ஏற்றாமலே உட்கார்ந்து எழுதினேன். நாற்பத்தெட்டாம் நாளும் அப்பா மாறவில்லை. அன்றைக்கே அவள் கம்பெனி வேனில் ஏறுகிறாள். டிபன் பையில் சாப்பாட்டுக்கு அடியில் பிளஸ் ஒன் புத்தகம் இருக்கிறது. நாற்பத்தொன்பதாம் நாள், வேன் வருவதற்கு முன்னால் போய் விளக்குப் போடுகிறாள். அவ்வளவுதான். இதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. அதைவிட, அம்பு ஒட்டினவள் என்ன சொல்வாளோ என்றுதான் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் இந்தத் தடவை கடைசி வரைக்கும் உரக்கப் படித்தாள். ஸ்டிக்கர் சுருளை எடுத்து ஒரு அம்பைக் கிழித்தாள்.

"டிபன் பையில புஸ்தகத்த வைக்க மாட்டாக்கா. ரசம் கொட்டிரும்," என்றாள். "தலகாணி உறைக்குள்ள வச்சிருப்பா."

"உனக்கெப்படிக் கண்ணு தெரியும்?"

"கொஞ்சம் தடிச்ச புஸ்தகம். கழுத்துதான் வலிக்கும். பழகிரும்."

அங்கேயே வரியை அடித்து, அவள் சொன்னபடி எழுதினேன். முதலில் நோட்டில் ஒட்டின அம்பை அவளே நகத்தால் சுரண்டி, காகிதம் கிழியாமல் உரித்தாள். கையிலிருந்த புது அம்பை நோட்டில் ஒட்டாமல் மேசை ஓரத்தில் ஒட்டினாள்.

"இப்ப அனுப்புங்கக்கா," என்று சொல்லிவிட்டு டிபனைப் பக்கத்தில் இழுத்து, கண்ணை மூடினாள். அவள் முடிக்கிற வரைக்கும் நானும் சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.