கிளட்ச் இல்லாத காரும் நாற்பத்தேழு குதிரையும்

டிரைவர் தேவராஜின் வேலைக்கு உலை வைத்த எண்ணைக் கரும்பலகையில் எழுதியவன் நான்தான். அதுவும் கொட்டை எழுத்தில், அடியில் இரண்டு கோடு போட்டு. டெஸ்டிங் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஃபார்முலா சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அசடு வழிந்த கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆள் இல்லை.

குதிரைத் தராசு

ஐம்பதுகளின் தொடக்கம். எங்கள் பட்டறை டோல்கேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே ஹைரோடை ஒட்டி இருந்தது. துறைமுகத்து லாரிகள்தான் எங்களுக்குச் சோறு போட்டன. யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட சாமான்களில் ஒரு டைனமோமீட்டரையும் பட்டறைக்காரர் ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்தார். அந்த வட்டாரத்திலேயே எங்களிடம் மட்டும்தான் அது இருந்தது. அந்தத் திமிர் எங்கள் நடையிலேயே தெரியும்.

தரையில் ஒரு பள்ளம். அதில் இரண்டு இரும்பு ரோலர்கள். வண்டியின் பின் சக்கரங்களை அவற்றின் மேல் ஏற்றி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். ரோலரின் ஒரு முனையில் வாட்டர் பிரேக். வால்வைத் திறந்து தண்ணீர் விட விட ரோலர் சுற்றத் திணறும். அந்த பாரத்தை ஒரு முள் பவுண்டில் காட்டும், இன்னொரு முள் ரோலரின் வேகத்தைக் காட்டும். இரண்டையும் பெருக்கி ஒரு எண்ணால் வகுத்தால் சக்கரத்துக்கு எத்தனை குதிரை வந்து சேர்கிறது என்று தெரிந்துவிடும். அக்கம்பக்கத்தில் அதற்குக் குதிரைத் தராசு என்று பெயர்.

பட்டறையில் ஒரு கறாரான வழக்கம் இருந்தது. டெஸ்டின்போது வண்டியின் சொந்த டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது, ஐந்தடி தள்ளி நிற்க வேண்டும். புது இன்ஜின் வேண்டுமென்றால் பாதி மிதிப்பார்கள், முதலாளிக்குப் பயந்தால் ஒரேயடியாக மிதிப்பார்கள் என்பது எங்கள் அனுபவம். ஆகவே சீட்டில் உட்காருவது எப்போதும் நான். வால்வைப் பிடிப்பது குப்புசாமி மேஸ்திரி. லாரி டெஸ்டில் என் காலுக்கு நிகர் யாரும் இல்லை என்று அவரே சொல்லுவார். நானும் மறுக்கமாட்டேன்.

சகலையின் கையசைப்பு

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கப்பல் மாதிரி ஒரு அமெரிக்கக் காரை தேவராஜ் உள்ளே ஓட்டி வந்தார். பின் சீட்டிலிருந்து ஞானமுத்து இறங்கினார். ராயபுரத்தில் கருப்பட்டி, மிளகாய் மொத்த வியாபாரம். தூத்துக்குடிக்காரர். ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் அந்தக் காரை வாங்கியிருந்தார். கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். கீழே இரண்டே பெடல். அப்படி ஒரு வண்டியை நான் அதுவரை தொட்டதில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை.

"தம்பி, இந்த வண்டி இளுக்கல. போன ஞாயித்துக்கெளம கோயில் முடிஞ்சு குடும்பத்தோட எண்ணூருக்குப் போனோம். நாந்தான் ஓட்டுனேன். பின்னால எங்க சகலபாடி ஒரு ஒடைசல் கார்ல வந்தாரு. எங்களத் தாண்டிப் போறாரு! போறவரு சும்மா போகக்கூடாதா? கைய வேற ஆட்டிட்டுப் போறாரு!" என்றார்.

அவர் மனைவி அன்று முழுக்கத் தங்கையின் புருஷனைப் புகழ்ந்துகொண்டே வந்தாராம். இன்ஜின் கெட்டதைவிட அதுதான் அவரை அதிகம் எரித்தது என்று எனக்குத் தோன்றியது.

"புஸ்தகத்துல தொண்ணூத்திரெண்டு குதிரைன்னு போட்டிருக்கு. வாரம் பூரா வண்டி இவன் கையில. ஏல தேவராசு, குதிர கொறஞ்சிருந்துச்சுன்னு வையி, இன்னைக்கே சாவியக் குடுத்துட்டு நடையக் கட்டிரணும். தெரிஞ்சுதா?"

தேவராஜ் வியாசர்பாடிக்காரர், நாற்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையின் பொத்தானைத் திருகியபடி, "சரிங்க மொதலாளி" என்றார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் பள்ளிக்கூடத்தில். முதலாளியின் இன்ஜினைக் கெடுத்தவன் என்று பெயர் எடுத்த டிரைவரை ராயபுரத்தில் எந்தக் கடைக்காரரும் சேர்க்கமாட்டார். அது எனக்கும் தெரியும். தெரிந்தும், இயந்திரம் சொல்வதைத்தானே நாம் எழுதப் போகிறோம் என்று இருந்துவிட்டேன்.

முதல் ஓட்டம்

லாரிக்குச் செய்வதுபோல ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினேன். நாற்பது மைல் வேகத்தில் மேஸ்திரி தண்ணீரைத் திறந்தார். பாரம் ஏறியதும் கியர்பாக்ஸ் என்னைக் கேட்காமலேயே கீழ் கியருக்கு மாறியது. இன்ஜின் அலறியது, முள் துள்ளியது, மேஸ்திரி வால்வை விட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றார்.

"இன்னா நைனா, இது உன் பேச்சே கேக்க மாட்டேங்குது!"

பாதி நாள் போராடிய பிறகுதான் பிடி கிடைத்தது. ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக அழுத்தாமல், கியர் கீழே மாறும் அந்த இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். மேஸ்திரி தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கூட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து வந்தால் மேல் கியரிலேயே நாற்பது மைலில் நிற்கும். நின்றது. கணக்குப் போட்டேன். நாற்பத்தேழு.

வண்டிக்கடியிலிருந்து கருகல் வாடை வந்தது. மேஸ்திரி மூக்கைச் சுளித்து, "இன்னாவோ தீயுது நைனா" என்றார்.

நான் சளைக்கவில்லை. கிளட்சுக்குப் பதிலாக உள்ளே எண்ணெய் இருக்கிறது, இன்ஜின் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் சக்கரத்தைத் தள்ளுகிறது, நடுவே கொஞ்சம் வழுக்கல் உண்டு, அந்த வழுக்கலில் எண்ணெய் காய்கிறது, அந்த வாடைதான் இது என்று விளக்கினேன். எல்லாம் உண்மைதான். அந்த வாடைக்கும் அதற்கும்தான் சம்பந்தமே இல்லை.

"எண்ணெய் எத்தன குதிரையத் திங்கும் தம்பி?" என்று கேட்டார் ஞானமுத்து.

"எண்ணெய், கியர், டயர் எல்லாம் போகக்கூட அறுபத்தைந்துக்கு மேல் வரணும் சார்."

"அப்பம் பாக்கி?"

நான் பலகையில் நாற்பத்தேழு என்று எழுதிக் கோடு போட்டேன். அவர் தேவராஜின் பக்கம் கையை நீட்டினார். தேவராஜ் சாவியைக் கொடுக்கவில்லை. சாவி வண்டியில்தானே இருந்தது. வெறும் கையைக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சார், ஒரே ஒரு வாட்டி நான் குந்திக்கிறேன்."

"வழக்கம் இல்லை" என்றேன்.

"குந்தட்டும் நைனா" என்றார் மேஸ்திரி. "ஊட்டுக்குப் போறவன் ஒரு தபா குந்தினா ரோலரு இன்னா தேஞ்சா பூடும்?"

ஏறிய முள்

பின் சக்கரங்கள் ஆறட்டும் என்று சொல்லி தேவராஜ் பத்து நிமிடம் காத்திருந்தார். இன்ஜின் ஆறட்டும் என்று சொல்லாமல் சக்கரம் என்று சொன்னது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பிறகு உட்கார்ந்து ஓட்டினார். நான் முள்ளைப் பார்த்தேன். கணக்கை இரண்டு தடவை போட்டேன். அறுபத்தெட்டு.

ஞானமுத்துவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னவே கண்கட்டு வித்த காட்டுத? எறங்குல. நான் அமுக்குதேன். பத்து வருசம் லாரி ஓட்டுனவன் நான்!"

அவர் உட்கார்ந்தார். நான் ஜன்னலோரம் நின்று எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். முள் நின்ற இடம் பழைய இடமேதான். நாற்பத்தாறு. மறுபடி அந்தக் கருகல் வாடை.

"பாத்தீயளா! இவன் என்னமோ செஞ்சிருக்கான்!"

ஆக்சிலரேட்டர் மிதி சரியாக இருக்கிறதா என்று உள்ளே குனிந்தேன். வலது கால் சரியாகத்தான் இருந்தது. இடது கால், லாரியில் கிளட்ச் இருக்கும் இடத்தில், சுகமாகச் சாய்ந்திருந்தது. இந்த வண்டியில் அந்த இடத்தில் இருந்தது பிரேக். கிளட்ச் இல்லாத வண்டிக்கு அமெரிக்காக்காரன் இரண்டு கால் அகலத்துக்கு பிரேக் பெடல் வைத்திருந்தான்.

காலையிலிருந்து என் இடது காலும் அங்கேதான் இருந்தது. லாரிப் பழக்கம். இருபது குதிரையை என் செருப்புக்கடியில் வைத்துக்கொண்டு எண்ணெய்மேல் பழியைப் போட்டு, பாடம் வேறு நடத்தியிருக்கிறேன்.

நிமிர்ந்து தேவராஜைப் பார்த்தேன். அவர் ஐந்தடி தள்ளிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும் என்று அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. "சார், உங்கள் கால்" என்று நான் வாயைத் திறந்தால் ஞானமுத்து பட்டறை நடுவே தலைகுனிவார். அந்தத் தலைகுனிவுக்கு அன்று சாயங்காலமே தேவராஜ் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்தினேன்:

"மேஸ்திரி! காலையில் நான் போட்ட டெஸ்ட் தப்பு! லாரி ஞாபகத்தில் என் இடது காலை பிரேக் மேல் வைத்துவிட்டேன்! வாடை அடித்தது எண்ணெய் இல்லை, பிரேக்! தேவராஜ் மேல் எந்தத் தப்பும் இல்லை!"

நான் ஞானமுத்துவின் காலைப் பார்க்கவில்லை. முள்ளை மட்டும் பார்த்தேன். நாற்பதில் நின்ற வேகமுள் நாற்பத்திரண்டுக்கு வந்தது, நாற்பத்தைந்துக்கு வந்தது. விஷயம் புரியாத மேஸ்திரி தண்ணீரைத் திறந்தார், இன்னும் திறந்தார்.

"ஏறுது நைனா! யாரும் ஒண்ணியும் பண்ணல, தானா ஏறிக்கினு போவுது!"

கணக்கு அறுபத்தேழு குதிரையில் வந்து நின்றது. ஞானமுத்து இன்ஜினை அணைத்துவிட்டுக் கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இன்ஜின் இப்பந்தான் சூடாயிருக்கு. அதான்" என்றார்.

"ஆமாம் சார், அதான்" என்றேன். தேவராஜும் தலையாட்டினார். ஞானமுத்து இறங்கிப் பின் சீட்டில் போய் உட்கார்ந்து, "தேவராசு, வண்டிய எடுல. கடையில சரக்கு வந்திருக்கும்" என்றார். சாவிப் பேச்சே எழவில்லை.

பலகையில் இருந்த நாற்பத்தேழை நானே அழித்தேன். மறுநாளிலிருந்து ஒவ்வொரு டெஸ்டிலும் வண்டியின் டிரைவரை ஜன்னலோரம் நிற்கச் சொன்னேன். என் கால் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. எண் குறைந்தால் முதலில் சோதிக்க வேண்டியது சோதிக்கிறவனை. நான் கற்றது அவ்வளவுதான்.

சில வாரம் கழித்து டோல்கேட் டீக்கடையில் தேவராஜைப் பார்த்தேன். முதலாளி எப்படி ஓட்டுகிறார் என்று கேட்டேன்.

"இப்போ எடது காலை மடிச்சு சீட்டு மேல வெச்சிக்கினு, கடையில குந்துற மாதிரி குந்திக்கினு ஓட்டுறாரு சார். வண்டி சும்மா பறக்குது" என்றார்.

"அவர் கால் பிரேக் மேல் இருப்பது எத்தனை நாளாக உங்களுக்குத் தெரியும்?"

"வாங்கின மொத வாரத்துலேர்ந்து. மூணு வாட்டி பிரேக் ஷூ மாத்திக்கீறேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வேலையே போக இருந்ததே!"

தேவராஜ் டீயை ஊதிக் குடித்தார். "இன்னா சார் நீ, படிச்சவன் இப்டி கேக்கறே? மொதலாளி காலைப் புடிக்கலாம். காலை எடுன்னு சொல்ல முடியுமா?"