பேசாத படத்துக்கு மிருதங்கம்

எசன், ஜெர்மனி, ஒக்டோபர் 12, ஞாயிறு. ஐந்தரைக்கு எழுந்து, அரை மணி நேரம் நடந்து, சட்டைக்கு அயர்ன் போட்டு, பத்தே முக்காலுக்குத் தங்கை வாசுகியுடன் தியேட்டரில் இருக்கிறேன்.

மேடையில் பாட்டும் ஆட்டமுமாக நடந்த ஒரு காதல் நகைச்சுவையை, சினிமா பேசாத காலத்தில் படமாக்கியிருக்கிறார்கள். இங்கே பேசாத படங்களுக்கு வழக்கமாக ஒரு ஜெர்மன் பெண்மணி பியானோ வாசிப்பார். இன்று ஏழு நிமிட நடனக் காட்சிக்கு மட்டும் வாசுகியின் மிருதங்கமும் சேர்கிறது. சபைக்குப் பிடித்தால்தான் இனிமேலும் அழைப்பார்கள். இருபது வருடமாகப் பரதநாட்டிய அரங்கேற்றங்களுக்கு வாசிப்பவளுக்கு, தமிழரல்லாத சபை இதுவே முதல்.

"பாட்டே கேக்காது. எப்பிடித் தாளம் பிடிப்பாய்?"

"பாட்டை விடுங்கோ அண்ணை. அரங்கேற்றத்திலயும் நான் பிள்ளையளின்ரை காலைத்தானே பாக்கிறனான். இவளுக்கும் ரெண்டு கால்தான்."

திரையில் நாயகி ஆடுகிறாள். அவளுடைய ஒவ்வோர் அடியும் மிருதங்கத்தில் கேட்கிறது. கூட ஆட வந்த காதலன் வழுக்கி விழுகிறான். அங்கே வாசுகி வாசிக்கவில்லை. தூக்கிய கைகளை அப்படியே வைத்திருக்கிறாள். பியானோவும் நிற்கிறது. அந்த நிசப்தத்தில் அரங்கம் முழுவதும் வெடித்துச் சிரிக்கிறது. பக்கத்து இருக்கை ஜெர்மன்காரரிடம், "என் தங்கை" என்று தமிழிலேயே சொல்லிவிடுகிறேன்.

படம் முடிந்ததும் தியேட்டர் பொறுப்பாளர் அவளிடம் நீண்ட நேரம் பேசுகிறார்.

"என்னவாம்?"

"வாற ஞாயிறு முழுப் படத்துக்கும் வாசிக்கட்டாம், அண்ணை."

13, திங்கள். பல் துலக்குவதற்கு முன்பே, ஊர் திரும்ப வியாழக்கிழமைக்கு எடுத்திருந்த விமானச் சீட்டை அடுத்த திங்களுக்கு மாற்றுகிறேன்.